டாய் சியா, வாக்கிங்கா, யோகாவா, பிசியோவா: அறுபத தாண்டுன நம்ம வீட்டு ஆளுங்களுக்கு எது சரிவரும்?

எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வீடியோ ரொம்ப நாளா சுத்திகினு கீது. ஏரிக்கரையில ஒரு சைனாக்கார தாத்தா மெதுவா கைய கால அசைக்கறாரு, கீழ "தினமும் பத்து நிமிஷம் டாய் சி, பிபி சுகர் மூட்டுவலி மறதி எல்லாத்துக்கும் ஒரே மருந்து, சயின்ஸே சொல்லிடுச்சு"ன்னு போட்டிருக்காங்க. அத பாத்துட்டு ரெண்டு பேரு ஆன்லைன் கிளாஸுக்கு பணம் கட்டலாமான்னு கேக்கறாங்க, ஒரு மாமா "அதெல்லாம் ஏமாத்து வேலைபா, வேலூர் கோட்டையில போய் நாலு ரவுண்டு நடந்தா போதும்"னு சொல்றாரு, யோகா கிளாஸ் போற சித்தி "நம்ம ஊர் யோகாவ உட்டுட்டு சைனாவுக்கு ஏன்டா போவணும்"னு சண்டைக்கு வராங்க. நான் டாக்டரும் இல்ல பிசியோவும் இல்ல. வீட்ல எழுபத தொடப்போற பெரியம்மா இருக்கறதால இந்த ஆராய்ச்சிங்கள எல்லாம் உக்காந்து படிச்சேன், படிச்சத வச்சி எது யாருக்குன்னு என் அபிப்பிராயத்த சொல்றேன்.

உடம்புக்கு நல்லதான்னு மொட்டையா கேட்டா எல்லாமே நல்லதுதான், மாடிப்படி ஏறி எறங்குனா கூட நல்லதுதான். உங்க வீட்டு ஆளுக்கு இன்னா பிரச்சனை, கீழ விழற பயமா, முட்டிவலியா, பிபியா, தூக்கம் வரலையா, அத மொதல்ல முடிவு பண்ணுங்க. ஏன்னா டாய் சி, வாக்கிங், யோகா, பிசியோ, இந்த நாலும் ஒரே எடத்துல ஜெயிக்கல, ஒவ்வொன்னு ஒவ்வொரு விஷயத்துல தான் முன்னால நிக்குது.

டாய் சி பத்தி ரெண்டு வரி சொல்லிட்டு போயிடறேன். இது சைனாவுல ஹெனான் பக்கம் சென் குடும்பத்து கிராமத்துல இருந்து வந்த சண்டைக்கலைன்னு சொல்றாங்க, அப்பால யாங், வூன்னு பல பாணியா பிரிஞ்சிடுச்சு. 1956ல சைனா அரசாங்கத்தோட விளையாட்டு கமிஷன் யாங் பாணிய சுருக்கி 24 அசைவா ஆக்குச்சு, இன்னைக்கு உலகம் பூரா பார்க்குல பண்றது பெரும்பாலும் அதுதான். 2020ல யுனெஸ்கோ பாரம்பரிய பட்டியல்லயும் சேத்துட்டாங்க. ஆராய்ச்சியில பயன்படுத்துனது இன்னும் சின்னது, முட்டிய ரொம்ப மடக்காம, எட்டு பத்து அசைவ மட்டும் எடுத்து வயசானவங்களுக்குன்னு வடிவமைச்சது நெறைய. அதனால சினிமாவுல வர்ற மாதிரி தரையோட தரையா உக்காந்து எழுந்து பண்ணணுமோன்னு பயப்பட வேணாம்.

இப்ப கீழ விழற விஷயம். இதுல தான் டாய் சிக்கு கை ஓங்கி இருக்கு, அதனால கொஞ்சம் நெறையவே சொல்றேன். நம்ம வீடுங்கள்ல பெருசுங்க விழறது எங்கன்னு யோசிச்சி பாருங்க, துணி தொவைக்கற எடத்துல சோப்பு தண்ணி நின்னுகினு இருக்கும், பாத்ரூமுக்கு ஒரு படி எறங்கணும், நைட்டி கால்ல மாட்டும், ராத்திரி ரெண்டு மணிக்கு லைட்டு போடாம எழுந்து போவாங்க ஏன்னா புள்ளைங்க தூங்குது. அப்படி விழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சா ஆபரேஷன், படுக்கை, அப்பறம் அந்த ஆளு பழையபடி நடமாடறது கஷ்டம். சுகர் பிபிய விட இந்த ஒரு விழுகைக்கு பயப்படணும்னு நான் சொல்லுவேன், ஆனா யாரும் இதுக்குன்னு ஒரு எக்சர்சைஸ் பண்றதில்ல.

அமெரிக்காவுல ஓரிகான் மாநிலத்துல ஃபுஜோங் லீன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2018ல ஜாமா இன்டர்னல் மெடிசின்ங்கற மருத்துவ பத்திரிகையில ஒரு ஆய்வு போட்டாரு. எழுவது வயசும் அதுக்கு மேலயும் இருக்கற 670 பேரு, எல்லாருமே ஏற்கனவே விழுந்தவங்க இல்லன்னா நடை தடுமாறுறவங்க. மூணு குரூப்பா பிரிச்சி ஒன்னுக்கு டாய் சி, ஒன்னுக்கு பலவகை எக்சர்சைஸ் கலந்தது, ஒன்னுக்கு வெறும் ஸ்ட்ரெச்சிங், வாரத்துக்கு ரெண்டு தடவ 24 வாரம். ஸ்ட்ரெச்சிங் குரூப்ப விட டாய் சி குரூப்புல விழுகை 58 சதவீதம் கொறஞ்சுது, கலந்த எக்சர்சைஸ் குரூப்போட ஒப்பிட்டா கூட 31 சதவீதம் கம்மி. சும்மா இருக்கறவங்களோட ஒப்பிட்டு ஜெயிக்கறது பெரிய விஷயம் இல்ல, இன்னொரு உருப்படியான எக்சர்சைஸோட மோதி ஜெயிச்சது தான் இங்க கவனிக்க வேண்டியது. அதே லீ 2012ல நியூ இங்கிலாந்து ஜர்னல்ங்கற மருத்துவ பத்திரிகையில, கை நடுக்கம் நடை தடுமாற்றம் வர்ற பார்க்கின்சன் நோயாளிங்க 195 பேர வச்சி ஒன்னு பண்ணாரு, அதுல பேலன்ஸ்ல டாய் சி வெயிட் தூக்கற பயிற்சியையும் ஸ்ட்ரெச்சிங்கையும் தாண்டி வந்துச்சு. விழுகையில மட்டும் ஸ்ட்ரெச்சிங்க விட நல்லா இருந்துச்சு, வெயிட் தூக்கறவங்கள விட பெருசா வித்தியாசம் இல்ல.

ஆனா ஒன்னு, அந்த டாய் சி பயிற்சி முறைய உருவாக்குனவரே லீ தான், அவரே தான் சோதிச்சும் பாக்கறாரு. அதுக்காக பொய்னு சொல்லல, ஆய்வு ஒழுங்கா தான் பண்ணியிருக்காங்க, ஆனா தனக்கு புடிச்ச சரக்க தானே எடை போடறப்ப நாம கொஞ்சம் தள்ளி நின்னு பாக்கணும் இல்லையா. அதனால பல பேரு பண்ண ஆய்வுங்கள ஒன்னா சேத்து பாக்கற காக்ரேன் அறிக்கைய பாத்தேன், 2019ல வந்தது, விழுகைக்கும் எக்சர்சைஸுக்கும் 108 ஆய்வு, 23,407 பேரு. அதுல எல்லா எக்சர்சைஸும் சேத்து விழுகை 23 சதவீதம் கொறையுது. பேலன்ஸும் எழுந்து உக்கார்ற மாதிரி அன்றாட அசைவும் கலந்த பயிற்சிக்கு 24. அதோட வெயிட் பயிற்சியும் சேந்தா 34. டாய் சிக்கு 19, அதுவும் ஆதாரத்தோட உறுதி கம்மின்னு அவங்களே போட்டிருக்காங்க. பாத்தீங்களா, 58ன்னு கேட்டப்ப இருந்த துள்ளல் இங்க இல்ல. வாட்ஸ்அப்புல 58 தான் வரும், 19 வராது.

அந்த அறிக்கையில இன்னொரு விஷயம் இருக்கு, நம்ம மாமா மாதிரி ஆளுங்க படிக்கணும். வெறும் நடை மட்டும் விழுகைய கொறைக்குமான்னா அதுக்கு ஆதாரம் ரொம்ப பலவீனம், உறுதியா சொல்ல முடியாதுன்னு போட்டிருக்காங்க. இங்கிலாந்துல 1997ல வந்த ஒரு ஆய்வுல கை எலும்பு ஒடஞ்சி தேறுன பொம்பளைங்கள வேகமா நடக்க வச்சாங்க, விழுகை கூடுச்சே தவிர கொறையல. யோசிச்சா இது புரியும், நடக்க ஆரம்பிச்ச ஆளு இன்னும் நெறைய நேரம் ரோட்டுல இருக்காரு, மேடு பள்ளம், நாய், டூவீலர், எல்லாம் இருக்கு, ஆனா பேலன்ஸுக்குன்னு தனியா எதையும் பழகல.

டாய் சியில இன்னா நடக்குதுன்னு கிட்ட இருந்து பாத்தா காரணம் தெரியும். ஒரு அடி எடுத்து வைக்கறதுக்கு முன்னாடி மொத்த வெயிட்டையும் இடது காலுக்கு கொண்டு போவாங்க, முட்டி லேசா மடிஞ்சி, முட்டி கட்டைவிரல தாண்டாம இருக்கும். வலது கால்ல வெயிட்டே இல்லாம ஆவற வரைக்கும் காத்திருப்பாங்க. அப்பறம் தான் வலது குதிகால முன்னால வைப்பாங்க, அப்பவும் வெயிட் இடதுல தான், வச்ச எடம் சரியில்லன்னா கால திருப்பி எடுத்துக்கலாம். அது சரின்னு தெரிஞ்ச பிறகு மெதுவா வெயிட்ட முன்னால தள்ளி பாதம் முழுசும் தரையில படும், அதோட சேந்து இடுப்பு திரும்பும், கை திரும்பும், கண்ணும் கை கூடவே போவும். தளும்பத் தளும்ப தண்ணி ரொம்புன குடத்த இடுப்புல வச்சிகினு ஈரப்படியில எறங்கற பாட்டிங்க நடைய பாத்திருந்தா இது ஒன்னும் புதுசா தெரியாது. நாம சாதாரணமா நடக்கறப்ப ஒரு கால்ல நிக்கற நேரம் கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள போயிடும், இங்க அதே நேரத்த பல மடங்கு இழுக்கறாங்க. கால் தசை, கணுக்கால், காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் உறுப்பு, எல்லாத்துக்கும் அந்த நேரம் பூரா வேலை. எனக்கு புரிஞ்ச வரைக்கும் பலன் இதுல தான், சைனாக்காரங்க 'சி'ன்னு சொல்ற உயிர்சக்தி உடம்புக்குள்ள ஓடுது பாயுதுன்னு சொல்றதெல்லாம் நம்பிக்கை இருக்கறவங்க வச்சிக்கலாம், அது இல்லாமலே இத வெளக்கிட முடியும்.

முட்டிவலிக்கு வருவோம், இதுக்கு தான் நம்ம பக்கம் கூட்டம் அதிகம். பாஸ்டன்ல சென்சென் வாங்னு ஒரு டாக்டர் 2016ல முட்டி தேய்மானம் இருக்கற 204 பேர எடுத்து பாதிப்பேருக்கு டாய் சி, மீதிப்பேருக்கு முறையான பிசியோதெரபின்னு குடுத்தாங்க, 12 வாரம். ரெண்டு குரூப்புக்கும் வலி நல்லா கொறஞ்சுது, ஏறக்குறைய சமம், ஒன்னு ஒன்ன ஜெயிக்கல. மனசு சோர்வு விஷயத்துல டாய் சி குரூப் கொஞ்சம் மேல. அதாவது முட்டிக்கு டாய் சி பண்ணா பிசியோவுக்கு சமமான பலன், அவ்வளோதான், பிசியோவ விட மேல இல்ல. இது எனக்கு ரொம்ப முக்கியமான ஆய்வா படுது, ஏன்னா நம்ம ஊர்ல இந்த ரெண்டுல எது கைக்கு எட்டற தூரத்துல இருக்குன்னு பாத்தா விடை உடனே வந்துடும். அதே வாங் உடம்பு பூரா வலிக்கற ஃபைப்ரோமயால்ஜியாவுக்கும் 2010ல 66 பேர வச்சும் 2018ல 226 பேர வச்சும் பண்ணாங்க, ரெண்டாவதுல ஏரோபிக் எக்சர்சைஸோட ஒப்பிட்டு டாய் சி சமமாவோ மேலயோ வந்துச்சு. உடம்பெல்லாம் வலிக்குது, ரிப்போர்ட்ல ஒன்னும் இல்லன்னு டாக்டர் சொல்லி அனுப்பற அக்காங்க இத கவனிக்கலாம்.

பிபிக்கு 2024ல பெய்ஜிங்ல இருந்து ஒரு ஆய்வு வந்துச்சு, 342 பேரு, பிபி எல்லையில நிக்கறவங்க, வாரத்துக்கு நாலு நாள் ஒரு மணி நேரம், ஒரு வருஷம். மேல் அளவு டாய் சி குரூப்புல 7 பாயிண்ட் எறங்குச்சு, வேகநடை சைக்கிள் ஜாகிங் பண்ண குரூப்புல 4.6. நல்லா தான் இருக்கு, ஆனா மாத்திரை சாப்பிடறவங்க மாத்திரைய நிறுத்தறதுக்கு இது ஆதாரம் இல்ல, அவங்க ஆரம்ப நிலையில இருந்தவங்க, அதுலயும் நடுவயசுக்காரங்க தான் அதிகம். தொப்பைக்கு 2021ல ஹாங்காங்ல 543 பேர வச்சி பாத்தாங்க, டாய் சிக்கும் சாதா எக்சர்சைஸுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, ரெண்டுலயும் இடுப்பளவு ஒன்னரை சென்டிமீட்டர் சுத்துல தான் கொறஞ்சுது. இருதயம் பலவீனமான 100 பேருக்கு 2011ல பண்ணதுல ஆறு நிமிஷ நடை தூரத்துல ஒரு முன்னேற்றமும் இல்ல, ஆனா வாழ்க்கை நல்லா இருக்குன்னு அவங்களே உணர்ந்தாங்க. இத ஏன் சொல்றேன்னா தோத்த ஆய்வையும் சேத்து சொன்னா தான் ஜெயிச்சத நம்பலாம்.

பொதுவா இந்த ஆய்வுங்க எல்லாத்துலயும் ஒரு ஓட்டை இருக்கு, மாத்திரைன்னா போலி மாத்திரை குடுத்து ஏமாத்தி பாக்கலாம், டாய் சிய போலியா குடுக்க முடியாது, பண்றவங்களுக்கு தெரிஞ்சிடும். வலி, தூக்கம், மனசு, இதெல்லாம் கேட்டு எழுதிக்கற சமாச்சாரம், அதனால எதிர்பார்ப்பே கொஞ்சம் பலன் குடுத்துடும். கூட்டமா சேந்து சிரிச்சி பேசிகினு பண்றதுல வர்ற சந்தோஷத்த தனியா பிரிக்கவும் முடியாது. விழுகைய எண்ணறது மட்டும் கொஞ்சம் கெட்டியான கணக்கு, விழுந்தா விழுந்தது தான்.

சரி, வாக்கிங். மாமாவ ஒரேயடியா ஒதுக்கிடல. சுகர், பிபி, எடை, இருதயம், இதுக்கெல்லாம் நடை நல்ல வழி, செலவும் இல்ல, யாரும் சொல்லித்தர வேணாம். டாய் சியோட உழைப்பு அளவு 3 மெட்டுன்னு, அதாவது சும்மா உக்காந்திருக்கறத போல மூணு மடங்குன்னு கணக்கு வச்சிருக்காங்க, வேகநடை அதுக்கு மேல போவும். கோட்டை மைதானத்துல காலையில அஞ்சரை ஆறுக்கு போனா ஜேஜேன்னு இருக்கும், அகழி பக்கம் காத்து கொஞ்சம் ஜில்லுன்னு வரும், ஜலகண்டேஸ்வரர எட்டி பாத்துட்டு வந்துடலாம், நாலு பேரு கூட பேச்சு துணையும் ஆச்சு. பிரச்சனை நம்ம ஊரு வெயில் தான். சித்திரை வைகாசியில ஏழரை மணிக்கே சுள்ளுன்னு அடிக்கும், மத்தியானம் நாப்பத தாண்டும், அந்த மாசங்கள்ல பெருசுங்க நடைய உட்டுடறாங்க, உட்டா திரும்ப புடிக்கறது ஆடிக்கு அப்பறம் தான். டாய் சியோ வீட்டு பேலன்ஸ் பயிற்சியோ ஃபேன் போட்டுகினு ஹால்ல பண்ணிடலாம், ஆறடிக்கு ஆறடி எடம் போதும். இத யாரும் ஆராய்ச்சியில எழுதல, ஆனா வேலூர்க்காரனுக்கு இது பெரிய பாயிண்ட்டு.

யோகா பத்தி பேசினா சித்தி படிப்பாங்க, ஜாக்கிரதையா எழுதணும். மொதல்ல நல்லது, தெருவுக்கு தெரு ஆள் இருக்காங்க, காட்பாடி காந்தி நகரோ சத்துவாச்சாரியோ பாகாயமோ எங்க போனாலும் யோகா சொல்லிக்குடுக்கற எடம் கிடைக்கும், தமிழ்ல சொல்லிக்குடுக்கறாங்க, செலவும் கம்மி. இடுப்புவலிக்கு 2017 காக்ரேன் அறிக்கையில எக்சர்சைஸே பண்ணாதவங்கள விட யோகா பண்றவங்களுக்கு கொஞ்சம் முன்னேற்றம்னு வந்துச்சு. மாரடைப்பு வந்தவங்களுக்கு நம்ம நாட்லயே 24 ஆஸ்பத்திரியில 3,959 பேர வச்சி யோகா ஆய்வு பண்ணி 2020ல வெளியிட்டாங்க, டாய் சியில அவ்வளோ பெரிய ஆய்வ நான் பாக்கல. அதுல திரும்ப மாரடைப்பு, சாவு இதெல்லாம் யோகா குரூப்புல கொஞ்சம் கம்மியா தெரிஞ்சாலும் உறுதியா சொல்ற அளவுக்கு வித்தியாசம் வரல, வாழ்க்கைத்தரம் மட்டும் கூடுச்சு. பேலன்ஸுக்கு 2016ல ஆறு ஆய்வ சேத்து பாத்தாங்க, மொத்தமே 307 பேரு, பேலன்ஸ் கொஞ்சம் கூடுதுன்னு வந்துச்சு, ஆனா பேலன்ஸ் கூடறது வேற, விழுகை கொறையறது வேற. இதுல டாய் சி முன்னால இருக்குன்னு சித்திகிட்ட சொன்னேன், "சைனாக்காரன் கணக்கெடுத்து வச்சான், நம்மாளு கணக்கெடுக்கல, அவ்வளோதான்டா"ன்னாங்க. அதுலயும் நியாயம் கீது.

யோகாவுல எனக்கு இருக்கற ஒரே தயக்கம், பெரும்பாலான கிளாஸ்ல பாதி நேரம் தரையில. முட்டி தேஞ்ச ஆளு தரையில உக்காந்து எழுந்திருக்கறதே பெரும்பாடு. அதுவும் எலும்பு மெலிஞ்சி லேசுல ஒடையற ஆஸ்டியோபோரோசிஸ் இருக்கறவங்க முன்னால ரொம்ப குனியற ஆசனம், கண்ணுல அழுத்தம் ஏறி பார்வைய கெடுக்கற கிளாக்கோமா இருக்கறவங்க தலைகீழா நிக்கற ஆசனம், இதெல்லாம் தொடவே கூடாது, சொல்லிக்குடுக்கறவர் இதையெல்லாம் மொத நாளே கேக்கலன்னா அந்த கிளாஸ் வேணாம். நின்னுகினு பண்ற ஆசனமா, செவுத்த புடிச்சிகினு விருட்சாசனம் மாதிரி, அதுக்கு மட்டும் போறதா இருந்தா தாராளமா போவலாம்.

பிசியோ தான் இதுல யாரும் கண்டுக்காத ஆளு. பிசியோன்னா ஆபரேஷன் பண்ணவங்களுக்கும் பக்கவாதம் வந்தவங்களுக்கும் தான்னு ஒரு நெனப்பு. வேலூர்ல இருந்துகினு இப்படி நெனைக்கறது தமாஷு, ஏன்னா இந்த துறைக்கே பேர்போன ஊர் இது, விபத்துல கால் செயலிழந்து சக்கர நாற்காலியில இருந்துகினே ஆபரேஷன் பண்ண டாக்டர் மேரி வர்கீஸ் காலத்துல, 1966ல, சிஎம்சி பாகாயத்துல மறுவாழ்வு மையம் தொறந்தாங்க. இன்னைக்கு ஊர் பூரா பிசியோ கிளினிக், வீட்டுக்கு வர்றவங்களும் இருக்காங்க. விழுகைய தடுக்க நியூசிலாந்துல ஒட்டாகோன்னு ஒரு பயிற்சி முறை இருக்கு, அஞ்சு கால் வலு பயிற்சி, பன்னெண்டு பேலன்ஸ் பயிற்சி, கூட நடை. பிசியோவோ நர்ஸோ சில தடவ வீட்டுக்கு வந்து ஆளுக்கு ஏத்தாப்புல கத்துக்குடுத்துட்டு போயிடுவாங்க, மீதிய நாமளே பண்ணணும். அங்க பண்ண ஆய்வுங்கள சேத்து பாத்தப்ப விழுகை 35 சதவீதம் கொறஞ்சுது. பகட்டு ஒன்னும் இல்ல, யூடியூப்ல பாத்தா போரடிக்கும், அதான் யாரும் ஃபார்வர்டு பண்றதில்ல.

எங்க பெரியம்மா விஷயத்துல நாங்க இதத்தான் எடுத்தோம். "இந்த வயசுல என்ன சைனா டான்ஸ் ஆட வைக்கறியாடா"ன்னு கேட்டாங்க, அந்த டான்ஸ கத்துக்குடுக்க பக்கத்துல ஆளும் இல்ல. பிசியோ வந்து பாத்துட்டு சொன்னது எல்லாமே சமையல் மேடைய புடிச்சிகினு பண்றது. குதிகால தூக்கி முன்பாதத்துல நிக்கறது, ஒரு கால பின்னால மடக்கி நிக்கறது, பக்கவாட்டுல மேடையோரமா நடக்கறது, நாற்காலியில இருந்து கை ஊனாம எழுந்திருக்கறது, குதிகால் இன்னொரு கால் விரல தொடற மாதிரி நேர்கோட்டுல நடக்கறது. மொதல்ல ரெண்டு கையால கெட்டியா புடிச்சிகினு, அப்பறம் ஒரு கை, அப்பறம் ரெண்டு விரல். குக்கர் விசில் வர்றதுக்குள்ள ஒரு சுத்து முடிச்சிடறாங்க, அதுக்குன்னு தனியா நேரம் ஒதுக்க சொல்லியிருந்தா நிச்சயம் பண்ணியிருக்க மாட்டாங்க. டாய் சியில இருந்து ஒன்னே ஒன்ன மட்டும் நான் திருடி சேத்தேன், மேல சொன்ன வெயிட்ட முழுசா மாத்தி அப்பறம் அடி வைக்கற நடை, ஹால்ல செவுத்தோரமா. பிசியோகிட்ட காமிச்சி கேட்டுகினு தான் சேத்தேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க.

இப்ப டாய் சியே கத்துக்கணும்னு இருக்கறவங்களுக்கு. ஆராய்ச்சியில இருந்தவங்க யாரும் யூடியூப் பாத்து தனியா பண்ணல, பெரும்பாலும் வாரத்துக்கு ரெண்டு நாள், ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம், மாஸ்டர் எதிர்ல நின்னு திருத்த திருத்த, மூணுல இருந்து ஆறு மாசம். வாட்ஸ்அப்புல சொல்ற பத்து நிமிஷத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சென்னையில தேடுனா ஆள் கிடைக்கலாம், நம்ம ஊர்ல கராத்தே குங்ஃபூ சொல்லிக்குடுக்கற மாஸ்டருங்க சில பேரு தெரியும்னு சொல்வாங்க, ஆனா சண்டைக்கு பழகுன டாய் சியும் எழுபது வயசு முட்டிக்கு ஏத்த டாய் சியும் வேற வேற. ஆன்லைன் கிளாஸ் வேஸ்ட்டுன்னு சொல்ல மாட்டேன், ஏன்னா லீ குழுவே 2023ல ஞாபகமறதி லேசா ஆரம்பிச்ச 318 பேர வீடியோ கால் மூலமா வீட்லயே டாய் சி பண்ண வச்சாங்க, அசைவோட சேத்து மூளைக்கும் வேலை குடுக்கற டாய் சி பண்ணவங்களுக்கு சாதா டாய் சிய விடவும் ஸ்ட்ரெச்சிங்க விடவும் நல்ல முன்னேற்றம். ஆனா அது நேரலை, மாஸ்டர் இவங்கள பாக்கறாரு. பதிவு பண்ண வீடியோ உங்க அம்மா முட்டி உள்பக்கமா சாயறத பாக்காது.

அதனால யாருக்கு எதுன்னு என்ன கேட்டா இப்படி சொல்லுவேன். ஏற்கனவே ஒருதடவ விழுந்தவங்க, எழுந்தா தள்ளாடறவங்க, மொதல்ல டாக்டர், தூக்க மாத்திரையும் பிபி மாத்திரையும் தலைசுத்தல குடுக்குதான்னு கேளுங்க, அப்பறம் பிசியோ, வேற எதுவும் அப்பால. பார்க்கின்சன் ஆரம்ப நிலையில இருக்கறவங்களுக்கு நேர்ல கத்துக்குடுக்கற ஆள் கெடச்சா டாய் சிக்கு செலவு பண்ணலாம், தகும். முட்டிவலின்னா பிசியோவும் டாய் சியும் சமம், கைக்கு எட்டறத எடுங்க. விழற பயம் இல்லாத, சுகர் பிபி தொப்பைன்னு இருக்கற ஐம்பது வயசுக்காரங்க நடந்தா போதும், கூட வாரத்துல மூணு நாள் சமையல் மேடை பயிற்சி. உலக சுகாதார நிறுவனமும் 2020ல இததான் சொல்லுது, அறுபத்தஞ்சு தாண்டுனா வாரத்துக்கு 150 நிமிஷம் நடை மாதிரி மிதமான வேலை, அதுக்கு மேல மூணு நாளாவது பேலன்ஸும் வலுவும் சேந்த பயிற்சி. ஏற்கனவே யோகா போறவங்க நிறுத்த வேணாம், நின்னுகினு பண்றத கொஞ்சம் கூட்ட சொல்லுங்க. தூக்கம், மனசு சரியில்ல, வீட்ல தனியா இருக்காங்கன்னா எதுல கூட்டம் இருக்கோ அதுல சேத்து உடுங்க, அது பஜனையா இருந்தா கூட பரவால்ல.

ஆன்லைன் டாய் சிக்கு பணம் கட்றதுக்கு முன்னாடி மட்டும் சிலத கேட்டுக்கோங்க. நேரலையா பதிவா, ஒரு கிளாஸ்ல எத்தன பேரு, என் உடம்பு பூரா கேமராவுல தெரியற மாதிரி பாத்து திருத்துவீங்களா, முட்டி தேய்மானம் இருக்கறதால முட்டிய கம்மியா மடக்கற மாதிரி சொல்லிக்குடுப்பீங்களா, நாற்காலி புடிச்சிகினு பண்ணலாமா, ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டிட்டு பாக்கலாமா. "எல்லா நோயும் போயிடும், மாத்திரைய நிறுத்திடலாம்"னு எவனாவது சொன்னா அங்கயே கட் பண்ணிடுங்க. அப்படி மிச்சமாவற பணத்துல பாத்ரூம் செவுத்துல ஒரு கைப்பிடி அடிக்க சொல்லுங்க, ஸ்டீல் பைப்பு தான், ஆனா டவல் மாட்டற கம்பிய அடிச்சிட்டு போயிட போறாங்க, ஆள் வெயிட்ட தாங்கற மாதிரி டைல்ஸுக்கு உள்ள செங்கல் வரைக்கும் போல்ட்டு போவணும்னு நின்னு பாத்து அடிக்க வைங்க.